நிரை தெரிந்தவர்கள்: சுங்கை சிப்புட் பயணக் குறிப்புகள்

வெள்ளிக்கிழமை

ஓர் ஊரில் வாழ்பவர்களுக்கு அங்குள்ள மண்ணோடும் மரத்தோடும் மழையோடும் எவ்வளவு நெருக்கம் இருக்கிறதோ, அந்த அளவுக்கு ‘இது என் ஊர்’ என்ற உணர்வும் அவர்களிடம் ஊன்றியிருக்குமா என்ற கேள்வியோடுதான் மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு வந்திருக்கிறேன். இயற்கையோடு மனிதருக்குள்ள பிணைப்பை அளப்பதற்கு மேயர், ஃபிரான்ட்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள் 2004 ஆம் ஆண்டில் ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். இடவுணர்வை ஆராய்பவர்கள் அதைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: இடத்தின்மீது கொண்ட பற்று, இடத்தால் அமையும் அடையாளம், தேவைகளுக்கு அந்த இடத்தையே சார்ந்திருத்தல். இந்தப் பிரிவினையைப் பயன்படுத்திய ஆய்வுகளில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது, ஜோர்கென்சனும் ஸ்டெட்மனும் 2001 இல் வெளியிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரையில் சொந்த வீடும் நிலமும் வைத்திருப்பவர்களிடம் கேட்டு எழுதியது அது.

ஏரிக்கரையில் பட்டா வைத்திருப்பவருக்குப் பொருந்தும் அளவுகோல், நான்கு தலைமுறையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டியும் ஒரு சாண் நிலம் சொந்தமில்லாதவருக்குப் பொருந்துமா என்பதே என் ஐயம். அதைச் சோதித்துப் பார்க்கச் சுங்கை சிப்புட்டைவிடத் தக்க ஊர் எனக்குத் தோன்றவில்லை. 1948 ஜூன் 16 அன்று இவ்வூருக்கு அருகே எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தொழிலாளர் பக்கமிருந்து எடுத்துக்கொண்ட அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1919 இல் பிறந்ததும் இதே ஊரில்தான். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலத்தில், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார்.

ஈப்போவிலிருந்து ரயிலில் வந்தேன். நெடுகிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை), இடையிடையே தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளின் ஓட்டுக்கூரைகள். நிலையத்திலிருந்து கடைத்தெரு கிட்டத்தில்தான். மாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த நால்வரிடம் “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டுப் பார்த்தேன். நால்வருமே இந்த நகரத்தில்தான் வசிக்கிறார்கள், அதுவும் வெகுகாலமாக. ஆனாலும் மூவர் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். அவற்றுள் ஒரு தோட்டத்தில் இப்போது ஒரு வீடுகூட இல்லை என்று நான்காமவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சனிக்கிழமை

விடிவதற்கு முன்பே, பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மாவோடு ஒரு சிறுதோட்டத்துக்குப் போனேன். எழுபதைத் தாண்டியவர். இந்தப் பக்கத்துப் பெருந்தோட்டங்களில் பால்மரம் அருகிவிட்டதால், அவருடைய உறவினர் ஒருவர் இன்னும் விடாமல் வைத்திருக்கும் சில ஏக்கர் மரங்களைத்தான் பார்க்க முடிந்தது. இலையுதிர் காலம் என்பதால் கிளைகள் மொட்டையாக நின்றன. கீழே செம்பழுப்புச் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும் இந்த நாட்டில், பருவம் மாறுவதை மரத்தைப் பார்த்தே அறிந்துகொண்டவர்கள் தோட்டத்து மக்கள்தாம் என்று நினைக்கிறேன். புதுத்தளிர் விடும் வாரங்களில் பால் குறைந்துவிடும். ஆகவே மரத்துக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் தளிரில் சாம்பல் நோய் விழுந்து இலை மறுபடியும் கொட்டிவிடும் என்று அம்மா சொன்னார். நோயியல் நூல்களும் இதையேதான் சொல்கின்றன.

அவர் ஒரு மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது அவசரக்காரன் கை, தம்பி” என்றார். பால்குழாய்கள் பட்டைக்குள் சற்றுச் சாய்வாக ஓடுவதால், இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக இறங்கும். கத்தி சற்றே ஆழமாகப் போனாலும் உள்ளிருக்கும் வளர்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வெட்டிய பட்டை மீண்டும் வெட்டத் தக்கதாக வளர்வதற்குச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒரு மரத்தின் உடம்பில் அதை வெட்டியவர்களின் கைப்பழக்கம் பல ஆண்டுகள் பதிந்து கிடக்கிறது. தம் நிரையில் (தமக்கு ஒதுக்கிய மரவரிசையில்) தமக்குப் பின் வந்தவர் யார், அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பட்டையை வைத்தே சொல்லிவிடுவோம் என்றார் அம்மா. அதற்கு அடுத்த கால்மணி நேரம், பெயர் தெரியாத அந்த அவசரக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

இவரிடம்தான் அந்த வினாத்தொகுப்பில் உள்ளது போன்ற ஒரு கேள்வியைக் கேட்டேன்: “சுத்தியிருக்கிற மரம் செடியோட நீங்க ஒன்னா இருக்கிற மாதிரி தோணுமாம்மா?” கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “ஒன்னா இருக்கிறதா? நான் அதுகிட்ட வேலை பார்த்தேன்” என்றார். இந்த விடையை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதை இயற்கையோடு பிணைப்பில்லாதவரின் பேச்சாக எடுத்துக்கொண்டால் அது பெரும் பிழையாகிவிடும். வெயில் ஏறாத வேளையில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும், அப்போது வெட்டினால்தான் பால் ஓடும் என்பது தாவரவியல். அதை அவர் “மரம் விடியக்காலையில முழிச்சிருக்கும்” என்று சொல்கிறார். முந்தின இரவு மழை பெய்திருந்தால் பட்டையில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்ப்பார்களாம். ஈரமான பட்டையில் வெட்டினால் பால் வழி தவறி மங்குக்கு (பால் பிடிக்கும் கோப்பைக்கு) வராமல் மரத்தில் வழிந்துவிடும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் கைக்கு முழுதாக வராது. மழையைப் பற்றி இவர் பேசும்போது குரலில் ரசனை துளியும் இல்லை, கவனம் மட்டுமே இருக்கிறது. பூங்காவுக்குப் போய்வருகிறவரின் நெருக்கத்தை அளப்பவர்கள் இந்தக் கவனத்தை எதில் சேர்ப்பார்கள்?

தோட்டத்திலேயே பிறந்து, ஆயக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) வளர்ந்து, அதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர் அவர். எந்த மேட்டில் நின்றால் பெரட்டுச் சங்கு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் சங்கு) கேட்கும், எந்தப் பள்ளத்தில் அட்டை கடிக்கும், எந்தப் பால்மரத்து விதை விளையாட்டில் உடையாமல் ஜெயிக்கும் என்பதெல்லாம் அவருக்கு இன்னமும் மனப்பாடமாக இருக்கிறது. ஆனால் லயத்து வீடு, அதாவது தோட்டம் கொடுக்கும் வரிசை வீடு, வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை முடிந்தால் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990 ஆம் ஆண்டுச் சட்டமும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் வகுத்ததே தவிர, அது யாருடையது என்ற கேள்விக்குள் போகவில்லை. ஓய்வு பெற்ற ஆண்டில் அவர் மகனுடைய தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். வளர்த்த மூன்று மாடுகளையும் அதே வாரத்தில் விற்றுவிட்டார், ஏனென்றால் தாமானில் மாடு கட்ட இடம் கிடையாது. தோட்டத்தை விட்டதைப் பேசும்போது நிதானமாக இருந்தவர், மாடு விற்றதைப் பேசும்போது பேச்சை மாற்றினார்.

ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் மூன்றில் பற்றும் அடையாளமும் இவரிடம் முழுமையாக இருக்கின்றன. மூன்றாவதான சார்பு ஒரு காலத்தில் முழுக்க இருந்து, ஒரே நாளில் அறுந்திருக்கிறது. ஏரிக்கரை வீட்டுக்காரர் தம் வீட்டைத் தாமாக விற்றால்தான் இப்படி நேரும்.

ஞாயிற்றுக்கிழமை

இன்று செம்பனைக்குள் போனேன். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம், பால்மரம் பிரேசிலுடையது. 1876 இல் ஹென்றி விக்கம் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவற்றிலிருந்து முளைத்த 22 நாற்றுகள் மறு ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. செம்பனையை வாணிக நோக்கில் முதன்முதலில் நட்டது 1917 இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். மரமும் வந்தது, மரத்துக்காக மனிதரும் வந்தார்கள். ஐந்திணை வகுத்த நம் முன்னோர் நிலத்துக்கு ஏற்ற மரத்தையும் பறவையையும் தெய்வத்தையும் தொழிலையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சொன்னார்கள். இங்கோ எல்லாமே கப்பலில் வந்து இறங்கியவை. ஆயினும் நூறாண்டுக்குள் மரம், தெய்வம், தொழில் மூன்றும் ஒன்றாகப் பிணைந்துவிட்டன. இயற்கை என்றால் மனிதக் கை படாத காடு என்று நினைப்பவர்களுக்கு இது இயற்கையே அன்று. அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. பால்மரத்தடியில் நாற்பது ஆண்டுகள் நடந்தவரிடம் அதைச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

ஆனால் பால்மரத்தோடு ஏற்பட்ட பிணைப்பு செம்பனையோடு ஏற்படவில்லை என்பதைப் பலரும் சொன்னார்கள். முள்மட்டை, பாம்பு, இருட்டு என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் உண்மைதான்; அவற்றுக்கு அடியில் வேலையின் தன்மையும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பால் வெட்டுக்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே மரத்திடம் போய் நின்றார். ஓராளுக்கு ஒரு நிரைத்தொகுதி என்று நிலையாக ஒதுக்கியிருந்ததால் அந்த மரங்கள் அவருக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. செம்பனையில் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை குலை வெட்டுகிறார்கள். நீண்ட கழியின் நுனியில் பொருத்திய அரிவாளால், அண்ணாந்து பார்த்து வெட்டுகிறார்கள். மரத்தின் அடியில் உதிரிப்பழம் கிடந்தால் குலை பழுத்துவிட்டது என்று பொருள். மரத்தைத் தொடாமலேயே வேலை முடிந்துவிடுகிறது. முன்பு செம்பனைப் பூவில் மகரந்தத்தைக் கையால் தூவும் வேலை இருந்தது, பெண்களும் அதைச் செய்தார்கள். 1981 இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு மகரந்தம் சேர்ப்பதை அந்த வண்டே செய்துவிடுகிறது. கம்பெனிக்குப் பெரும் இலாபம், விளைச்சலும் கூடியது. பூவருகே போய் நிற்பதற்கு இருந்த ஒரு வேலை போயிற்று.

மாலையில் ஒரு தோட்டத்து எல்லையில் மூன்று வங்காளதேசத் தொழிலாளர்களைச் சந்தித்தேன். இந்தப் பயணத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்தச் சந்திப்புதான். அவர்களில் ஒருவர் தரையில் கிடந்த பழத்தைக் கையிலெடுத்து, அது எந்த மரத்திலிருந்து உதிர்ந்தது என்று அண்ணாந்து பார்க்காமலேயே காட்டினார். எலிகளைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் ஆந்தைப் பெட்டிகளில் எதில் குஞ்சு பொரித்திருக்கிறது, எந்த வாய்க்காலில் எந்த மாதம் மீன் ஏறும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தாமானில் வாழும் எந்த இளைஞரைவிடவும் இந்த மண்ணை இன்று நெருக்கமாக அறிந்தவர் அவர்தான். “இது உங்கள் ஊரா?” என்று மலாயில் கேட்டதற்கு, மூவரும் ஒரே நேரத்தில் இல்லை என்றார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால் போய்விட வேண்டும். மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். இவர்களைப் பார்த்த பிறகு, இயற்கையை நெருங்கி அறிந்தாலே இடத்தின்மீது உரிமையுணர்வு வந்துவிடும் என்று நேராகக் கோடு போட முடியவில்லை. நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் இதே விடையைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இங்கே பிறந்தபோதும், பெற்றோரை இங்கேயே புதைத்தபோதும் அந்த விடை மாறியிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஓர் அரசமரத்தடிக் கோயில் இருந்தது. லயம் இடிக்கப்பட்டு அங்கெல்லாம் செம்பனை நட்டாயிற்று. ஆயினும் அரசமரத்தையும் அதன்கீழிருக்கும் முனியாண்டியையும் சுற்றி நிரை வளைந்து போகிறது. இங்கே வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் இப்போது ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருந்தாலும், திருவிழாவுக்கு மட்டும் வந்து சேருகிறார்கள் என்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்னார். அவர் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். வாழ்நாளில் ஒரு மரத்தைக்கூட வெட்டியதில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் தோட்டத்தின்மீது இவர் கொண்டிருக்கும் பற்று, நான் சந்தித்த எவருடைய பற்றுக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. சிலையை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நிர்வாகத்தார் ஒருமுறை கேட்டபோது, “சாமியைத் தூக்கலாம், மரத்தை யார் தூக்குறது?” என்று இவர் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

திங்கட்கிழமை

காலையில் பிளஸ் ஆற்றோரமாக லாசா வரை போய்வந்தேன். அங்கிருந்து மேலே மலைப்பக்கம் தெமியார் என்னும் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. ஆற்றையும் அதன் கிளைகளையும் எல்லையாகக் கொண்டு, மூதாதையர் வழிவந்த நிலத்தை ‘சாக்கா’ என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர்களுடைய கதை வேறு. அதை இந்தக் குறிப்புக்குள் திணிக்க விரும்பவில்லை. ஆனால் தலைமுறைகளாக அங்கேயே இருப்பவர்களும் நிலவுரிமைக்காக வழக்காட வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மதியம் கோலகங்சார் போனேன். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ காலத்தில், 1877 இல் அங்கே நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் எஞ்சியது என்று ஒரு மரத்தைக் காட்டுகிறார்கள். வேலி, பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. நேற்று முன்தினம் என்னோடு வந்த அம்மா இம்மரத்தைப் பார்த்ததே இல்லையாம். பார்க்க ஆசையும் இல்லை என்றார். “அதுல யாரு வெட்டுனாங்க?” என்பதுதான் அவருடைய கேள்வி.

மாலையில், நகரத்தில் ஓய்வு பெற்றவர்கள் சிலரையும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் சிலரையும் ஒரு வீட்டுத் திண்ணையில் சேர்த்து, ஆளுக்கொரு தாள் கொடுத்துத் தங்கள் ஊரை வரையச் சொன்னேன். இது என் கண்டுபிடிப்பு அன்று. மனத்திலுள்ள ஊரை வரையச் சொல்லும் முறையைக் கெவின் லின்ச் 1960 இலேயே நகர ஆய்வில் பயன்படுத்தியிருக்கிறார். பெரியவர்கள் காட்டு நம்பர் (தோட்டப் பிரிவின் எண்), ஆற்றுத்துறை, கள்ளுக்கடை, ஸ்டோர், இடுகாடு ஆகியவற்றை வரைந்தார்கள். தார்ச்சாலையை ஒருவர்கூட வரையவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம், பெட்ரோல் நிலையம், பாசார் மாலாம் (இரவுச் சந்தை), ஃபுட்சால் திடல் ஆகியவற்றை வரைந்தார்கள். மரம் என்று பொதுவாகச் சில பச்சைக் கோடுகள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஊர்ப்பற்று இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அநியாயம். ஃபுட்சால் திடலைப் பற்றி அந்தப் பையன்கள் பேசியதைக் கேட்டிருந்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவர்களுடைய ஊர் மரத்தின் வழியாக அமையவில்லை என்பது மட்டுமே உண்மை. எல்லா வீட்டின் முன்னும் முருங்கையும் கறிவேப்பிலையும் பண்டானும் தொட்டியிலாவது இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நீரூற்றுவது பாட்டிமார்கள்.

படிவம் இரண்டில் படிக்கும் ஒரு மாணவி மட்டும் அரசமரத்தடிக் கோயிலைப் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாக வரைந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பால் வெட்டு அம்மா அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் ஓடும் ஓடை எங்கே என்று கேட்டார். அங்கே ஓடை ஏது, எங்கள் தாமானுக்குப் பின்பக்கம்தான் ஒரு பெரிய சிமெண்டுச் சாக்கடை போகிறது என்றாள் அவள். தம் தாளையும் அவள் தாளையும் அக்கம்பக்கமாக வைத்து, அம்மா அவளுடைய சாக்கடையை விரலால் மேல்நோக்கிப் பின்தொடர்ந்தார். தாங்கள் துணி துவைத்த ஓடை கீழே வந்து இப்படித்தான் அடைபட்டிருக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை: சாக்கடை கடைத்தெருப் பக்கமிருந்து வருகிறது, தான் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறேன் என்று வாதாடினாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிராணியார் இருவரையும் மறுத்து, ரயில்பாதை போட்டபோது தண்ணீரையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று மூன்றாவதாக ஒரு கோடு இழுத்தார். நான் ரயிலுக்குக் கிளம்பும்போது மூன்று கோடுகளில் எது சரி என்று தீரவில்லை. பள்ளி விடுமுறையில் மேலிருந்து கீழாக நடந்தே பார்த்துவிடுவோம் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, பாதிவரை வருகிறேன் என்றார் அம்மா.